முதல் மடக்கு

கேலோ, மூண்டூ என்கிற இரண்டு நகரங்களுக்கு நடுவில் பெமாரா என்று ஓர் இடம் இருக்கிறது. அதை ஊர் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். முப்பது மண்வீடு, ஒரு தேவாலயம், பஞ்சர் ஒட்டுகிற ஒரு காது கேளாத மனிதர், சனிக்கிழமை தோறும் கூடுகிற சந்தை, அவ்வளவுதான். ஆனால் டுவாலா துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வண்டி ஓட்டி வருகிற லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வழியில் எந்த ஊரை மறந்தாலும் பெமாராவை மறக்க மாட்டார்கள். அங்கே வேப்பமரத்தடியில் மிலாமெம்மின் கொட்டகை இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கம் மாமரத்தடியில் ரெமாஜியின் கொட்டகை. இரண்டிலும் பிலிபிலி என்கிற சோள மது உண்டு, சோளக் களி உண்டு, லோகோன் ஆற்று மீனைப் புகையில் வாட்டிப் போட்ட வெண்டைக்காய்க் குழம்பு உண்டு. எந்தக் கொட்டகை உசத்தி என்ற பேச்சை மட்டும் லாரிக்காரர்கள் நடுவில் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றைக்கு வண்டி நகராது.

மிலாமெம்முக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அகலமான தோள், அதைவிட அகலமான வாய். கணவன் எண்ணெய் வயலில் வேலை என்று டோபாவுக்குப் போனவன் இரண்டு வருடம் பணம் அனுப்பினான், பிறகு ஒரு வருடம் சேதி அனுப்பினான், பிறகு அதுவும் இல்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் என்று காற்று வாக்கில் வந்து சேர்ந்தது. மிலாமெம் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அவன் விட்டுப்போன சட்டையைக் கிழித்து அடுப்புத் துணியாக்கிக்கொண்டாள். மூன்று பிள்ளைகளையும் பானைதான் வளர்த்தது. மூத்தவன் சார் நகரத்தில் வாத்தியார். அடுத்தவளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடைக்குட்டி நெலும் மூண்டூவில் வாடகை அறையில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

பிலிபிலி காய்ச்சுவது சோம்பேறிக்கு ஆகிற வேலை இல்லை. செஞ்சோளத்தை ஊற வைக்க வேண்டும், ஈரச் சாக்கில் மூடி முளைகட்ட விட வேண்டும், பாயில் பரப்பிக் காய வைக்க வேண்டும், அரைத்து வர வேண்டும். பிறகு வழவழவென்று சாறு விடுகிற மரப்பட்டையை அதில் பிசைந்து தெளிய வைத்து, விடியற்காலையில் அடுப்பேற்றினால் பொழுது சாயும் வரை கொதிக்கும். அப்போது அது வெறும் தித்திப்புக் கஞ்சி. பிள்ளைகள் குடிக்கலாம், நாட்டின் வடக்கிலிருந்து வருகிற, மதுவைத் தொடாத முஸ்லிம்களும் குடிக்கலாம். ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். போன தடவைப் பானையின் அடியில் தங்கிய கசடுதான் உறை. ஊற்றிவிட்டால் கோழி கூவுவதற்குள் பானை நுரைத்துப் பொங்கும். அன்று ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு. மறுநாள் புளித்துப்போய் பன்றிக்குத்தான் ஆகும்.

சரக்கு தயாரானதும் சாலையோரக் கம்பில் ஒரு சுரைக்குடுக்கையை வாய் மேலே பார்க்க மாட்டுவார்கள். கவிழ்த்து மாட்டியிருந்தால் இன்றைக்குச் சரக்கில்லை என்று பொருள். இந்த இரண்டு கொட்டகைகளின் குடுக்கைகளும் எதிரும் புதிருமாக இருபத்திரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே மிலாமெம்மும் ரெமாஜியும் சாலையைத் தாண்டி ஒருத்தியை ஒருத்தி வம்புக்கு இழுப்பது நாள் தவறாத வேலை.

"ஏண்டி மிலாமெம், உன் பானைல இன்னிக்கு மீன் பிடிக்கலாம் போலிருக்கே. அவ்வளவு தண்ணி" என்பாள் ரெமாஜி.

"உன் பானையப் பாத்துத் தவளையே வேணாம்னு ஓடுதாமே" என்பாள் மிலாமெம்.

லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். ஆனால் ஒருத்தியின் உறை கெட்டுப்போனால் அவள் சாலையைத் தாண்டி மற்றவளிடம் போய்க் கேட்பாள். கேட்டு வந்தவளிடம் உறை இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. சண்டைக்காரியாக இருந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் சண்டை.

அதைப் போலவே இன்னொரு வழக்கம் உண்டு. விற்கிறவள் முதலில் குடித்துக் காட்ட வேண்டும். பானையிலிருந்து குடுக்கையில் முகந்து, வந்தவர்களுக்கு எதிரிலேயே ஒரு மடக்கு தான் விழுங்கிவிட்டு, பிறகு வலது கையால் நீட்ட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அதைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். வழிப்போக்கர்கள் பார்ப்பார்கள். ஊர் தெரியாது, ஆள் தெரியாது, பானையில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. விஷம் வைத்துச் செத்த யாரோ ஒரு மாமனின் கதை எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் ஒரு மடக்கு. சந்தை நாளில் நாற்பது மடக்கு ஆகும். மிலாமெம் இருபத்திரண்டு வருடமாக அப்படிக் குடித்தாள். குடிகாரி என்று அவளை யாரும் சொன்னதில்லை, அவளும் நினைத்ததில்லை. அது தொழிலில் ஒரு வேலை, அடுப்பை ஊதுவது போல.

ஜெராசெம் என்ற லாரிக்காரர் இந்த விஷயத்தில் எல்லோரையும் விடக் கறார். அறுபதை நெருங்குகிற மனிதர், இரும்புச் சாமான் ஏற்றி வருபவர். அவருடைய அண்ணன், லாயி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சாலையோரக் கொட்டகையில் குடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பும் முன்பே விழுந்து செத்தவன். அது நடந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. என்ன காரணம் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெராசெம் கொடுக்கிறவர் குடித்துக் காட்டாமல் ஒரு சொட்டும் தொட்டதில்லை. மாமியார் வீட்டில்கூட மாமியார் குடித்த பிறகுதான் இவர் குடிப்பார் என்று கேலி பேசுவார்கள். அவர் உதட்டைப் பார்க்க மாட்டார். உதடு நனைந்தால் அவருக்குப் போதாது. தொண்டையைப் பார்ப்பார். அது ஏறி இறங்கினால்தான் கையை நீட்டுவார். பதினைந்து வருடமாக அவர் வேப்பமரத்துப் பக்கத்து ஆள். மிலாமெம்மைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மழைக்காலம் முடிந்த சமயம் மிலாமெம்முக்குக் கால் வீங்கியது. களைப்பு வந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தாள், வயது என்று நினைத்தாள். நெலும் விடுமுறைக்கு வந்தவள் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் மூண்டூ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். மகளை வெளியே மருந்து வாங்க அனுப்பிவிட்டு டாக்டர் பேசினார். சின்ன வயதுக்காரர், பேச்சில் மரியாதை இருந்தது. ஈரல் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இனி ஒரு மடக்குகூட ஆகாது என்றார். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினால் என்ன என்று மிலாமெம் கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்து, வேறு தொழில் ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டார்.

வேறு தொழில் என்ன இருக்கிறது. களி மட்டும் விற்கலாம், ஆனால் களிக்காகப் பெமாராவில் யார் வண்டியை நிறுத்தப்போகிறார்கள்? குடிக்க நிறுத்துகிறவன்தான் பசிக்குச் சாப்பிடுகிறான். நோய் என்று வெளியே சொல்லவும் வழியில்லை. நோயாளி கை வைத்த பானை என்று தெரிந்தால் பன்றிகூடக் கிட்டே வராது. மகளிடம் சத்துக் குறைவு என்று சொன்னாள். வாடகை அறையில் மண்ணெண்ணெய் விளக்கைச் சிக்கனமாக எரித்துப் படிக்கிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது?

பெமாராவுக்குத் திரும்பியவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். குடுக்கையை வாயில் வைத்துச் சாய்ப்பாள், உதட்டை நனைப்பாள், புறங்கையால் துடைத்துக்கொண்டு நீட்டுவாள். ருசி பார்க்க அவளுக்கு நாக்கு தேவைப்படவில்லை. உறை ஊற்றும் முன் தித்திப்பாக இருக்கும்போதே அளவு தெரிந்துவிடும். பிறகு பானையில் காதை வைத்துக் கேட்டால் நுரை வெடிக்கிற சத்தத்தில் மீதி தெரிந்துவிடும். மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. கால் வீக்கம் வடிந்தது. மிலாமெம் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். இத்தனை வருடம் விழுங்கியது வீண் வேலை என்றுகூடத் தோன்றியது.

நான்காவது சனிக்கிழமை ஜெராசெம் வந்தார். கூடவே லாரி மேல் ஏறி வந்த ஏழெட்டுப் பேர். மிலாமெம் முகந்தாள், சாய்த்தாள், துடைத்தாள், நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. குடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு மெதுவாக அதைத் தரையில் வைத்தார்.

"தொண்டை அசையலையே தங்கச்சி" என்றார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரல்.

மிலாமெம் பல்வலி என்றாள். அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார், தனக்கும் வயிறு சரியில்லை என்றார், குடுக்கைக்கு உரிய காசைப் பாயின் ஓரம் வைத்துவிட்டு எழுந்தார். சத்தம் போடுவது அவர் பழக்கம் இல்லை. எழுந்து சாலையைத் தாண்டிப் போய் மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கூட வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு சாலையில் அந்தப் பேச்சு எப்படிப் பரவியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை பாதிக் கூட்டம். அதற்கடுத்த சனிக்கிழமை உள்ளூர்க்காரர்கள் நாலு பேர். வந்த ஒன்றிரண்டு வழிப்போக்கர்களும் அவள் கழுத்தைக் கண்கொத்திப் பாம்பு போலப் பார்த்தார்கள். அவள் குடிக்காமல் நீட்டினாள், அவர்கள் வாங்காமல் எழுந்தார்கள். எதிரே மாமரத்தடியில் இடம் இல்லாமல் ஆட்கள் நின்றுகொண்டே குடித்தார்கள். ரெமாஜி சாலையைத் தாண்டி வம்புக்கு இழுப்பதை நிறுத்திவிட்டாள். மிலாமெம்முக்கு அதுதான் எல்லாவற்றையும் விட உறைத்தது. இவள்தான் பேச்சைப் பரப்பியிருப்பாள், இல்லாவிட்டால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று மனதுக்குள் கறுவினாள்.

அந்த இரண்டாவது சனிக்கிழமை மாலை மூன்று பானை நிறைய பிலிபிலி மிஞ்சியது. மறுநாள் அது புளித்து நாறியது. மிலாமெம் ஆத்திரத்தில் மூன்று பானையையும் கவிழ்த்துக் கொட்டினாள், அடியில் தங்கியிருந்த உறை உட்பட. கொட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. உறை இல்லாமல் அடுத்த வாரம் காய்ச்ச முடியாது. உறை இருக்கிற அடுத்த வீடு ரெமாஜியுடையது.

இரண்டு நாள் போகாமல் இருந்தாள். மூன்றாம் நாள் நெலுமிடமிருந்து சேதி வந்தது, பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று. மிலாமெம் ஒரு சிறு குடுக்கையை எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள். ரெமாஜி மாமரத்தடியில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், எப்போதும் தலையில் நீலத் துணி கட்டியிருப்பாள், இவளைவிட இரண்டு வயது இளையவள். மிலாமெம் வாயைத் திறப்பதற்குள் குடுக்கையை வாங்கி, உள்ளே போய், தளும்பத் தளும்ப உறை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"உனக்கு என்ன நோவுடி?" என்று கேட்டாள்.

மிலாமெம் நோவும் இல்லை ஒன்றும் இல்லை என்றாள். ரெமாஜி குடுக்கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமா எதிர்ல உக்காந்து உன் மூஞ்சியத்தானே பாக்கறேன், கண்ணு மஞ்சளா இருந்ததும் கால் வீங்கினதும் எனக்குத் தெரியாதா, குடிக்கிறவ எதுக்குக் குடிக்காம இருக்கான்னு நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன் என்றாள். பேச்சைப் பரப்பியவள் முகம் இப்படி இருக்காது. மிலாமெம் நின்றபடியே அழுதாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், துப்பினால் என்ன என்று டாக்டரைக் கேட்டது வரை. அந்த இடத்தில் மட்டும் ரெமாஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

அவங்ககிட்டயே சொல்லிடேன் என்றாள் ரெமாஜி. அதற்கு மிலாமெம் செத்தாலும் மாட்டேன் என்றாள். நீயும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ரெமாஜி வேண்டா வெறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டு உறையைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. மிலாமெம்மின் பானைகள் நுரைத்துப் பொங்கின. காதை வைத்துக் கேட்டாள், இவ்வளவு நன்றாக எப்போதும் வந்ததில்லை என்று தோன்றியது. குடுக்கையைக் கம்பில் மாட்ட வெளியே வந்தவள் எதிரே பார்த்து அப்படியே நின்றாள். மாமரத்தடிக் கம்பில் குடுக்கை கவிழ்ந்து தொங்கியது. சந்தை நாளில், வருடத்திலேயே கூட்டம் அதிகமாக வருகிற அறுவடைச் சந்தை நாளில், ரெமாஜி காய்ச்சவில்லை. அவள் பானைகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சாலையைத் தாண்டி வந்து, வாடிக்கைக்காரி மாதிரி மிலாமெம்மின் பாயில் உட்கார்ந்தாள்.

"என்ன பாக்குற? பசிக்குது. களி போடு" என்றாள்.

உச்சி வெயில் நேரத்துக்குள் ஒரு மினிபஸ் வந்தது, ஜெராசெம்மின் லாரியும் வந்தது. இறங்கியவர்கள் பழக்கப்படி மாமரத்துப் பக்கம் போனார்கள், கவிழ்ந்த குடுக்கையைப் பார்த்தார்கள், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். தாகம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். கடைசியில் பதினைந்து பேர் போல வேப்பமரத்தடிக்கு வந்து, உட்காரலாமா வேண்டாமா என்று நின்றார்கள். ஜெராசெம் எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

மிலாமெம் முகந்தாள். ரெமாஜி எட்டி அதை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி விழுங்கினாள். பாதிக் குடுக்கை காலி. தொண்டை தாராளமாக ஏறி இறங்கியது.

"போதுமா? இந்தப் பானைக்கு ஊத்தின உறை என் வீட்டு உறை. இதுல ஏதாவது கெட்டது இருந்தா அது என் கெட்டதுதான்" என்றாள்.

மினிபஸ்ஸில் வந்த சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். பேச்சில் மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"நீங்க குடிச்சது உங்களுக்கு அக்கா. காய்ச்சினவங்க குடிக்கட்டும்."

அதுதான் வழக்கம். எல்லோரும் மிலாமெம்மைப் பார்த்தார்கள். முகத்தை இல்லை, கழுத்தை.

அவள் குடுக்கையில் மறுபடி நிரப்பினாள். மூன்று பானை. நெலுமின் பரீட்சைக் கட்டணம். தனக்காக ஒரு சந்தையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ரெமாஜி. ஒரு மடக்கு குடித்தால் என்ன ஆகிவிடும், டாக்டர் என்ன கடவுளா என்று நினைத்தாள். இன்றைக்கு ஒன்று குடித்தால் அடுத்த வாரமும் குடிக்க வேண்டும், அதற்கடுத்த வாரமும் குடிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கினாள். வாசனை மூக்கில் ஏறியது. இந்தத் தடவை உதட்டை இறுக்கிக்கொள்ளவில்லை, திறந்தாள்.

ரெமாஜி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பாதி தரையில் சிந்தியது.

"சத்தியமாவது ஒண்ணாவது" என்றாள் ரெமாஜி. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இவளுக்கு ஈரல் போச்சு. ஒரு மடக்கு உள்ள போனாலும் ஆளு போயிடும்னு மூண்டூ டாக்டர் சொல்லியிருக்கார். இப்போ சொல்லுங்க, உங்கள்ல யாருக்கு இவ குடிச்சுக் காட்டணும்?"

மிலாமெம்முக்கு எல்லார் முன்னாலும் துணியை உருவிவிட்டது போல இருந்தது. ரெமாஜியின் மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. சிவப்புத் தொப்பிக்காரன் ஏதோ முணுமுணுத்துவிட்டு மினிபஸ்ஸைப் பார்த்து நடந்தான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். மற்றவர்கள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. இவ்வளவுதான், முடிந்தது என்று மிலாமெம் நினைத்தாள். பானைகளைக் கவிழ்க்க வேண்டியதுதான்.

ஜெராசெம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பதினைந்து வருடமாக உட்கார்ந்த அதே இடத்தில், மரத்தின் வேர் மேல், உட்கார்ந்தார்.

"ஏன் தங்கச்சி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா குடிச்சிருப்பியா அண்ணே?"

அவர் யோசித்தார். பொய் சொல்வது அவருக்கு வராது.

"மாட்டேன்" என்றார்.

தரையில் சிந்திய ஈரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். மிலாமெம் குடுக்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்காகப் பண்ண வேண்டாம் அண்ணே, உனக்கு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும் என்றாள். அவர் எழுந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். செத்துப்போன தன் அண்ணனுக்காக நாலு சொட்டுத் தரையில் விட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக, காய்ச்சியவள் தனக்கு முன்னால் விழுங்கிக் காட்டாத ஒரு குடுக்கையை அவர் வாயில் வைத்தார்.

மிலாமெம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. குடுக்கை காலியாகும் வரை நிற்கவில்லை.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, காலிக் குடுக்கையை அவளிடம் நீட்டினார்.

"பாதிதான் இருந்துச்சு. நிறைய ஊத்து" என்றார். பிறகு நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "உக்காருங்கப்பா. நான் குடிச்சுட்டேன்ல" என்றார்.

ஒருவர் உட்கார்ந்தார். பிறகு இரண்டு பேர். பிறகு பாய் போதவில்லை. மிலாமெம் குடுக்கையோடு பானைக்குள் குனிந்தாள், அழுகிற முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று. நிமிர வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை, ரெமாஜியைத் தவிர.

"ஏண்டி, ஏற்கெனவே உன் சரக்குல தண்ணி ஜாஸ்தி" என்றாள் அவள். "நீ வேற இன்னும் ஊத்தாத."